அக்கா சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன்

மூன்று வருஷத்துக்கு முன்பு, ரோட்டோரத்துப் பனி கறுத்து உருகத் தொடங்கிய பங்குனி மாதம். ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பகுதியில் இது நடந்தது. எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போகும். பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்திருக்கலாம். ஆனால் செய்தது நான், எழுதுவதும் நானாக இருக்கட்டும் என்று விட்டேன்.

என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணிக்குக் குரோருட்டில் எங்கள் மாடிக்குக் கீழே டாக்சி வந்து நிற்கும். ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் சாய்வுக் கதிரையில் கிடக்க வேண்டும். கையில் இரண்டு ஊசி. ஒன்றால் இரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றதால் சுத்தமாகித் திரும்பி வரும். இதை நிறுத்தினால் ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமைதான் என்று தொடங்கும்போதே எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். ஆகவே அந்தக் கதிரை எங்களுக்கு உயிர். பிடிக்காவிட்டாலும் உயிர்.

போனவுடன் தராசில் ஏற வேண்டும். முந்திய தடவைக்குப் பிறகு குடித்த தண்ணீர் முழுவதும் உடம்பிலேயே நிற்கும்; எடை காட்டிக் கொடுத்துவிடும். அங்கே ஒரு தாதி எங்கள் தமிழ் ஆட்களின் பிள்ளை. இங்கேயே பிறந்தவள், முப்பது வயதிருக்கும்.

"அன்ரி, ரெண்டரைக் கிலோ கூட. என்ன குடிச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. ஒரு வாய் கூழ்."

"ஒரு வாயோ, ஒரு சட்டியோ? தராசுக்குப் பொய் சொல்லத் தெரியாது அன்ரி."

பக்கத்துக் கதிரை ஒரு கொரியாக்கார அம்மாவுடையது. முதல் நாள் பெயர்கூடக் கேட்காமல், "உனக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "உனக்கு எத்தனை?" என்று திருப்பிக் கேட்டேன். எழுபத்தெட்டு என்றார். மற்றவரின் வயது தெரிந்தால்தான் அவர்களுக்கு எந்த மாதிரி மரியாதையோடு பேசுவதென்று தெரியுமாம். நான் இளையவள் என்று அறிந்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி. அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். அது அவர் வாயில் 'தங்காச்சி' என்று வரும்.

நாற்பது வருஷத்துக்கு முன் புருஷனோடு இந்த நாட்டுக்கு வந்தவர். ஒரு ஹோட்டல் சமையலறையில் முப்பது வருஷம் வேலை. நான் வடக்கே மீன் தொழிற்சாலையிலும் பிறகு ஒஸ்லோவில் கந்தோர் துப்புரவிலும் நின்றவள். இரண்டு பேரும் வேலையிடத்தில் பொறுக்கிய நோர்வேஜிய மொழியில்தான் கதைத்தோம். பாதி வார்த்தை, பாதி கை. அதை அப்படியே எழுதினால் உங்களுக்கு விளங்காது. எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அந்த மாசி மாதம் டொக்டர் எங்களை ஒவ்வொருவராக ஒரு சின்ன அறைக்கு அழைத்தார். சின்ன வயதுப் பெண் டொக்டர். மேசையில் தொலைபேசி, அதற்குள் தமிழ் மொழிபெயர்ப்பாளர். டொக்டர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: உங்கள் இதயம் நின்றால் திரும்ப இயக்கப் பார்க்க வேண்டுமா? இந்தச் சிகிச்சை ஒரு நாள் உங்களுக்குப் பெரிய பாரமாகிவிட்டால் என்ன விரும்புவீர்கள்?

நல்ல நாளும் அதுவுமாக, உயிரோடு இருக்கிற மனுஷியிடம் கேட்கிற கேள்வியா இது?

"இதெல்லாம் என்ர மகனைக் கேளுங்கோ. அவன் பாப்பான்," என்றேன்.

"நீங்கள் விரும்பினால் மகனையும் கேட்கலாம். ஆனால் முதலில் உங்களைத்தான் கேட்கிறேன்," என்றார் டொக்டர்.

நான் எழும்பி வந்துவிட்டேன். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. மூன்று பிள்ளைகளைப் பெற்றவள், எனக்கு முடிவெடுக்க ஆள் இருக்கிறது என்ற பெருமை. கொதிப்போடு அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"என்னையும் கேட்டவை. நான் அதை எப்பவோ எழுதிக் குடுத்திட்டன்."

பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினார். வங்கி அட்டை போல இருந்தது. சில வருஷம் முன் திரும்பிப் போய்க் கொரியாவில் நின்ற காலத்தில், சாகக் கிடக்கும்போது தன்னை மெஷின் பூட்டி இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று கையெழுத்து வைத்து எடுத்த அட்டையாம். தனியாகப் போகவில்லை. கூடப் படித்த நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு, ஐந்து கிழவிகளாக அரசாங்கக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, வெளியே வந்து குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டார்களாம்.

"சாவுக் கடுதாசியிலை கையெழுத்து வைச்சிட்டு, பேந்து சாப்பாடும் இறங்கினதோ?" என்று கேட்டேன்.

"நல்லா இறங்கினது. ஒருத்தி ரெண்டாந்தரமும் வாங்கினவள்."

எங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தால் வாசலிலேயே கிழித்துப் போட்டிருப்பேன்.

ஆனால் அவர் அதை ஏன் செய்தார் என்பதையும் அன்றே சொன்னார். அவருடைய புருஷனுக்கு நோய் முற்றியபோது ஊரில் போய்ச் சாக ஆசைப்பட்டிருக்கிறார். இருவரும் கொரியாவுக்குத் திரும்பிப் போனார்கள். அங்கே டொக்டர் நோயாளியை விட்டுவிட்டு வீட்டு ஆட்களைத்தான் தேடுவாராம். மகன் இங்கிருந்து பறந்து போக, டொக்டர், மகன், அக்கா மூவரும் நடைபாதையில் நின்று எல்லாவற்றையும் முடிவு செய்தார்கள். ஏழு மாசம். புருஷன் மூன்று தடவை கேட்டாராம், "நான் சாகப் போறேனா?" என்று. மூன்று தடவையும் அக்கா, "இல்லை, சுகமாகும்," என்றிருக்கிறார்.

"கடைசிக் கிழமை அவர் என்னோடை கதைக்கேல்லை. அவருக்குத் தெரிஞ்சிட்டுது. சுவரைப் பாத்துக்கொண்டே கிடந்து போயிட்டார். அதுக்குப் பிறகுதான் அந்த அட்டையை எடுத்தனான்."

எங்கள் ஆட்களிலும் அதுதானே வழமை. நோயாளிக்குச் சொல்லாமல் விடுவதைப் பாசம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இனி நடந்ததற்கு வருகிறேன். பங்குனியில் ஒரு திங்கட்கிழமை. ஊசி குத்தியாகிவிட்டது. அக்கா மெஷினைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"தங்காச்சி, வாற கிழமை வெள்ளிதான் எனக்குக் கடைசி. அதுக்குப் பிறகு வரமாட்டன்."

வேறு ஆஸ்பத்திரிக்கு மாறுகிறார் என்று நினைத்தேன். எங்கே என்று கேட்டேன். அவர் கையை விரித்து, ஊசிகளைத் தொட்டு, இழுப்பது போலக் காட்டினார்.

அக்காவுக்குக் கொஞ்ச மாதங்களாகவே ஏலாது என்பது எனக்குத் தெரியும். டயாலிசிஸ் முடிந்தால் அடுத்த நாள் முழுவதும் படுக்கை. கண் பார்வை பாதி போய்விட்டது. கால்கள் இரவும் பகலும் எரிகின்றன. கிழமையில் ஏழு நாளில் தனக்கு மிஞ்சுவது ஒரு நாள்கூட இல்லை என்பார். டொக்டரோடு கொரிய மொழிபெயர்ப்பாளரை வைத்து இரண்டு தடவை கதைத்து முடித்தாராம். நோவில்லாமல் வீட்டில் வந்து பார்க்க ஆட்களும் ஒழுங்காம்.

"மகனுக்குத் தெரியுமோ?"

"இல்லை. டொக்டரையும் சொல்ல வேண்டாம் எண்டிட்டன். ஞாயிற்றுக்கிழமை அவன்ட வீட்டிலை எல்லாரும் ஒண்டாச் சாப்பிடுவம். சாப்பிட்ட பிறகு நானே சொல்லுவன். வெறும் வயித்திலை கேக்கக் கூடாத செய்தி." பிறகு என் முழங்கையைத் தட்டினார். "அது வரைக்கும் உன்னோடை இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன்.

அந்த நாலு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் பேர்கனிலிருந்து தொலைபேசி எடுத்தபோது, "என்னம்மா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு தாய் இப்படிச் செய்யலாமா, தெரிந்துகொண்டும் பேசாமல் இருந்தால் அந்தப் பாவம் எனக்குத்தானே என்று மனம் அடித்துக்கொண்டது. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அக்காவை ஹவுகெட்டோவில் அவர் வீட்டுக்குக் கூட்டிப்போக மகன் வருவார். ஐம்பது வயது மனுஷன், கப்பல் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை. என்னைக் காணும்போதெல்லாம் இடுப்பு வளையக் கும்பிடுவார். அந்த வெள்ளி நான் முதலில் முடித்து வெளியே வந்தேன். அவர் தாயின் கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி நடைபாதையில் நின்றார். கும்பிட்டார்.

நான் சொல்லிவிட்டேன்.

"உன்ர அம்மா மெஷினை நிப்பாட்டப் போறா. உனக்குத் தெரியுமோ?"

அவர் முதலில் சிரித்தார். என் நோர்வேஜிய மொழி பிழைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். நான் விடவில்லை. அக்கா எனக்குக் காட்டியது போலவே கையை நீட்டி ஊசியை இழுத்துக் காட்டினேன். "அடுத்த வெள்ளி. கடைசி," என்றேன்.

அவர் முகம் வெளுத்துப் போனதை நான் கண்ணால் கண்டேன். கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். எனக்கு டாக்சி வந்துவிட்டது. போகும் வழியெல்லாம் பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டேன் என்று எனக்கு மனம் ஆறியிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அக்கா கதிரையில் சாய்ந்தார். தாதி ஊசியை எடுக்கப் போன நேரம், அந்த மனுஷன், அந்தக் கோட்டும் சூட்டும் போட்ட மனுஷன், தாயின் கதிரைக்கு முன்னால் நிலத்தில் முழந்தாளிட்டு, நெற்றி தரையில் முட்டக் குனிந்தார். எழும்பவில்லை. அழுதழுது தன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு நோயாளிகள், தாதிமார், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டொக்டர் ஓடி வந்தார். மகனை வெளியே அனுப்பிவிட்டுத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை வைத்து அக்காவைத் தனியாகக் கேட்டார். வற்புறுத்தவில்லை. அக்கா கதவுப் பக்கம் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே மகன் இன்னும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அக்கா இரண்டு சொல் சொன்னார்; அந்த வெள்ளியோடு நிறுத்தமாட்டார் என்பது அதிலேயே விளங்கியது. பிறகு தானே கையை நீட்டினார். ஊசி ஏறியது.

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பி வாங்கிய சாமான் வீட்டுக்கு வந்ததும் பழுதென்று தெரிந்தால் ஒரு தரம் பார்த்துவிட்டு வைப்போமே, அப்படிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை பக்கத்துக் கதிரையில் ஒரு நோர்வேக்காரக் கிழவர் இருந்தார். எங்கள் தாதிப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, அக்கா எங்கை? ஏதும் நடந்திட்டுதோ?"

"இல்லை அன்ரி. அங்கை, ஜன்னல் கரையிலை இருக்கிறா. கதிரை மாத்திக் கேட்டவ."

"ஏனாம்?"

அவள் என் கையில் பட்டியைக் கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அதை நான் சொல்லேலாது அன்ரி. ஆரைப் பற்றியும் ஆரிட்டையும் சொல்லேலாது. சொன்னா என்ர வேலை போயிடும்." பட்டியை இறுக்கினாள். "நீங்கள் சொன்னதாலை உங்களுக்கு ஒண்டும் நடக்காது. அவவுக்குத்தான் நடந்திட்டுது."

என் பேத்தி வயதில்லாவிட்டாலும் என் பிள்ளைகளைவிட இளையவள். அவள் வாயால் அதைக் கேட்க வேண்டி வந்ததே என்று அவமானம் ஒரு பக்கம். என்ன நடந்துவிட்டது, ஒரு உயிரை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்ற வீம்பு இன்னொரு பக்கம். அந்த வீம்பு நாலைந்து நாள்தான் நின்றது.

ஏனென்றால் நான் எதிர்ப்பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க வழியில்லை, நாலு மணித்தியாலமும் கதிரை அந்தப் பக்கம்தான் பார்த்தபடி இருக்கும். கடைசி என்று அவர் குறித்திருந்த வெள்ளி கடந்து இரண்டாம் கிழமை, அக்காவின் கையில் ஊசி ஏற்றுகிற நரம்பு அடைத்துப் போனது. கை முழங்கைவரை கறுத்து வீங்கியது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். மெஷின் ஓட ஓட இரத்த அழுத்தம் இறங்கும், வாந்தி வரும். கால் சுண்டி இழுக்கும்போது அவர் கத்தமாட்டார். போர்வையின் கரையைப் பல்லால் கடிப்பார். மகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருந்தார். கால் பிடித்துவிட்டார். சின்னக் கரண்டியால் ஐஸ் ஊட்டினார். அவர் பார்க்கும்போது அக்கா சிரிப்பார். அவர் எழுந்து போனால் அந்தச் சிரிப்பும் போய்விடும்.

மூன்றாம் கிழமை என் மெஷின் முடிந்ததும் பொல்லை ஊன்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். மன்னிப்பு என்கிற சொல் என் வாயில் லேசில் வராது. வாழ்க்கையில் நான் அதைச் சொன்ன இடங்களை விரலில் எண்ணலாம். "அக்கா," என்று மட்டும் கூப்பிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை இல்லை, மூடிக்கொண்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

நாலாம் கிழமை நடுவில் ஒரு நாள் அக்காவின் தலை ஒரு பக்கம் சரிந்தது. மெஷின் கத்தியது. தாதிமார் கதிரையைத் தட்டையாக்கி, கால்களைத் தூக்கி, முகத்துக்கு ஒக்சிஜன் வைத்தார்கள். போய்விட்டார் என்றே நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில், "கடவுளே, விட்டிடு, போகட்டும்," என்று என் வாய் முணுமுணுத்தது. நான் அப்படிக் கேட்டேன் என்பதே எனக்கு அதிர்ச்சி. ஒரு மாதத்துக்கு முன் அவரைப் போகவிடக் கூடாது என்று ஓடியவள் நான்தானே.

அவருக்கு நினைவு திரும்பியது. கொஞ்ச நேரத்தால், ஒக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். எனக்கு ஊசி கழற்றியதும் போனேன்.

"நாளைக்கு டொக்டரோடை கதைக்கிறன். மகனும் வருவான். நீயும் வா."

"நான் ஏன் அக்கா? எனக்கு அங்கை என்ன கிடக்கு?"

"எனக்கு முந்தி நீ சொன்னனீ. இப்ப நான் சொல்லேக்கை நீ பக்கத்திலை இரு. நான் மனம் சோந்து பிசத்திறன் எண்டு அவன் டொக்டருக்குச் சொல்லுறான். இந்தக் கதிரையிலை இருக்கிற ஒராள் எனக்கு வேணும்."

அடுத்த நாள் எனக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். தனியாக டி-பானே ரயிலில் ஏறிப் போனேன். அதே சின்ன அறை. டொக்டர், மகன், சக்கர நாற்காலியில் அக்கா, மேசையில் தொலைபேசி. நான் ஏன் வந்தேன் என்று மகன் கேட்டார். அம்மா யாரை விரும்புகிறாரோ அவர் இருக்கலாம் என்றார் டொக்டர்.

மகன்தான் முதலில் கதைத்தார். அம்மாவின் வயதுக்காரர்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்று இப்படித்தான் சொல்வார்கள், அதை அப்படியே எடுக்கக் கூடாது, எங்கள் வழக்கத்தில் மூத்த மகன்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். டொக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

அக்கா கொரிய மொழியில் நீளமாகக் கதைத்தார். குரல் உயரவே இல்லை. முடித்த பிறகு தொலைபேசிக்குள் இருந்த மொழிபெயர்ப்புப் பெண் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகுதான் நோர்வேஜிய மொழியில் சொன்னார். எனக்கு விளங்கியது இவ்வளவு:

"உன்ர அப்பா மூண்டு தரம் கேட்டார். மூண்டு தரமும் நான் பொய் சொன்னன். நீ பக்கத்திலை நிண்டனீ. என்னை இஞ்சை கேட்டவை, உண்மையான பதிலும் தந்தவை, நான் யோசிச்சு முடிவெடுத்தன். நீ நிலத்திலை விழுந்தபடியால் நாலு கிழமை உனக்காக இருந்தன். இனி ஏலாது. நான் உன்னட்டை உத்தரவு கேக்கேல்லை. கடைசி மட்டும் பக்கத்திலை இரு எண்டுதான் கேக்கிறன்."

மகன் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, நான் நினைத்தே பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் அம்மாவைப் போல நோயாளி. உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கினம். நீங்கள் இப்பிடிச் செய்வீங்களோ?"

அக்காவுக்குச் சாதகமாகப் பொய் சொல்லலாம். ஆனால் அந்த அறையில் இன்னொரு பொய் வேண்டாம் என்று பட்டது.

"நான் செய்யமாட்டன்," என்றேன். "எனக்கு உயிர் வெல்லம். என்னைத் தூக்கிக்கொண்டு போகும் வரைக்கும் அந்தக் கதிரையிலைதான் கிடப்பன். ஆனா அது என்ர உடம்பு, என்ர பதில். உன்ர அம்மா என்னைவிடப் புத்தி தெளிவு. அண்டைக்கு உன்னட்டைச் சொன்னது உனக்காகவும் இல்லை, அவவுக்காகவும் இல்லை. பக்கத்துக் கதிரை வெறுமையாகிடும் எண்டு எனக்குப் பயம். அதுதான் சொன்னனான். என்னிலை பிழை."

அதைச் சொல்லும்வரை அது எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்த பிறகுதான் உண்மை அதுதான் என்று விளங்கியது. அக்கா என் கையைப் பிடிக்கவில்லை, எதுவும் செய்யவில்லை. "ஓம்," என்றார். என்னிடம் பழகிய சொல். அவ்வளவுதான்.

மகன் எழுந்து, தாயின் காலடியில் நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து மடியில் போர்த்திவிட்டார். டொக்டர் தன் தாளில் எழுதினார்.

அதற்குப் பிறகு அக்கா மெஷினுக்கு வரவில்லை. ஆறாம் நாள் மகன் தன் காரில் என்னை ஹவுகெட்டோவுக்குக் கூட்டிப் போனார். அக்கா அநேகமாக நித்திரை. ஒரு தரம் கண் விழித்தார்.

"தங்காச்சி, இண்டைக்கு எத்தனை கிலோ கூட?"

"ஒண்டரை."

"கள்ளி. பொய் சொல்லுறாய்."

உண்மையில் இரண்டு. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். ஒன்பதாம் நாள் பகல், மகனின் கை அவர் கைக்குள் இருக்க, நோவில்லாமல் போய்விட்டார்.

அந்தக் கோடையிலேயே டொக்டரின் அறைக்கு நானாகப் போய் என் பதிலைச் சொன்னேன். இதயம் நின்றால் ஒரு தரம் இயக்கிப் பாருங்கள், வராவிட்டால் விடுங்கள்; மெஷினை நான் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்; நான் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். என் மகன் கேள்விப்பட்டுத் துள்ளினான்.

"அம்மா, உங்களுக்கு ஏன் உந்தக் கதையெல்லாம்? நாங்கள் இல்லையே?"

"நீ இருக்கிறாய் தம்பி. ஆனா என்ர வாய் இன்னும் இருக்கெல்லோ," என்றேன்.

இதை எழுத வைத்தது வேறு ஒன்று. அக்காவின் அடக்கம் முடிந்த அன்று, அவருடைய மகன் என் முன் வந்து குனிந்து சொன்னார்: "நீங்கள் சொன்னபடியால்தான் எனக்கு அம்மாவோடு நாலு கிழமை கிடைத்தது. நன்றி." என்னைத் திட்ட வேண்டிய மனுஷன் கும்பிடுகிறார். அவருக்குக் கிடைத்த அந்த நாலு கிழமைதான் அக்கா போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்த நாலு கிழமை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மகனின் மேசையில், தன் வாயால் சொல்ல அவர் நினைத்திருந்ததும் அதோடு போயிற்று. அக்காவிடம் நான் மன்னிப்பு என்கிற அந்தச் சொல்லைக் கடைசிவரை முழுதாகச் சொல்லவும் இல்லை. இன்றைக்கும் யாராவது என் முழங்கையைத் தொட்டு, "இது உங்களோடை இருக்கட்டும்," என்று தொடங்கினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். என்னிடம் தரப்படுவது எவ்வளவு பெரியது என்பதை ஒரு மனுஷியின் நாலு கிழமை நோவைக் கொடுத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.